லினக்ஸ் சர்வரில் கோப்புப் பகிர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தம்பு செட்டி தெருவின் சுங்க முகவர் அலுவலகங்களிலும், செம்புதாஸ் தெருவின் பைப், இரும்புச் சாமான் கடைகளிலும், வண்ணாரப்பேட்டையின் ஜவுளிக் கிடங்குகளிலும் மேசைக்கடியில் ஒரு பழைய கணினி லினக்ஸில் ஓடிக்கொண்டு, பத்துப் பதினைந்து பேருடைய கோப்புகளைத் தாங்கி நிற்பது வழக்கம். அதற்கென்று தனி ஆள் இருப்பதில்லை. கணக்கு பார்ப்பவரோ, அலுவலகத்தில் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்த தம்பியோ, கூப்பிட்டால் வந்து போகும் சர்வீஸ் இன்ஜினியரோதான் அதைக் கவனித்துக்கொள்கிறார். இப்பக்கம் அவர்களுக்காக எழுதப்பட்டது. பெரும்பகுதி, லினக்ஸ் சர்வரின் கோப்புறைகளை விண்டோஸ் கணினிகளோடு பகிரும் சாம்பா என்ற மென்பொருளைப் பற்றியது. பிற்பகுதியில், லினக்ஸ் கணினிகள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் முறையான என்எஃப்எஸ் வருகிறது. கட்டளைகளும் அமைப்பு வரிகளும் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. தட்டும்போது அவற்றை ஆங்கிலத்தில் தட்ட வேண்டும்.

பகிர்வு திறக்கவில்லை என்று புகார் வந்தால் முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

சர்வரில். புகார் சொன்னவரின் கணினியில் உட்கார்ந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றிப் பார்ப்பதே பெரும்பாலும் நடக்கிறது. அதில் அரை நாள் கரைந்துவிடும், கடைசியில் எந்த மாற்றம் பலித்தது என்பதும் தெரியாமல் போகும். உள்ளிருந்து வெளியே வருவதுதான் சரியான வரிசை.

முதலில், சேவை ஓடுகிறதா என்பதைச் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கட்டளையால் பாருங்கள். டெபியன், உபுண்டு வகைகளில் சேவையின் பெயர் எஸ்எம்பிடி. ரெட் ஹாட் வழிவந்த ராக்கி லினக்ஸ் போன்றவற்றில் எஸ்எம்பி. பெயரை மாற்றித் தட்டினால் அப்படி ஒரு சேவையே இல்லை என்று பதில் வரும். சாம்பா நிறுவப்படவில்லை என்று அதற்குப் பொருள் கொண்டு மறுபடி நிறுவப் போய்விட வேண்டாம்.

அடுத்தது டெஸ்ட்பார்ம். சாம்பாவின் அமைப்புக் கோப்பான எஸ்எம்பி.கான்ஃபில் நீங்கள் எழுதியதைச் சாம்பா எப்படி எடுத்துக்கொண்டது என்பதை இந்தக் கட்டளை காட்டும். தனக்குத் தெரியாத வரியைச் சாம்பா புறக்கணித்துவிட்டுத் தன்போக்கில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 'ரீட் ஒன்லி = நோ' என்ற வரியில் ஓர் எழுத்துப் பிசகினாலும் பகிர்வு திறக்கத்தான் செய்யும்; ஆனால் அந்த வரி கணக்கில் வராததால், இயல்பு நிலையான 'படிக்க மட்டும்' என்பதே நீடிக்கும். இன்னொரு பொறி, வரியின் கடைசியில் எழுதும் குறிப்பு. எண் குறியோ அரைப்புள்ளியோ வரியின் தொடக்கத்தில் இருந்தால்தான் சாம்பா அதைக் குறிப்பாகக் கொள்ளும். 'பாத்' வரியின் முடிவில் எண் குறி போட்டு 'இது அலுவலகக் கோப்புறை' என்று எழுதினால், அந்தக் குறிப்பும் சேர்ந்தே கோப்புறையின் பாதையாகிவிடும். அப்படி ஒரு பாதை வட்டில் இருக்காது.

மூன்றாவதாக, சர்வரிலேயே அமர்ந்து எஸ்எம்பிகிளையன்ட் கட்டளையால், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, லோக்கல்ஹோஸ்டில், அதாவது அதே சர்வரில், உள்ள பகிர்வைத் திறந்து பாருங்கள். இங்கே திறந்தால் சாம்பாவும் கடவுச்சொல்லும் சரி. பிசகு வழியில் அல்லது விண்டோஸ் பக்கம். இங்கேயே திறக்கவில்லை என்றால் கேபிளையும் சுவிட்சையும் தொட வேண்டியதில்லை.

பிங் போகிறது, ஆனால் 'நெட்வொர்க் பாதை காணப்படவில்லை' என்று பிழை 53 வருகிறது. ஏன்?

பிங் போவது இயந்திரம் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சான்று. பகிர்வின் கதவு திறந்திருக்கிறது என்பதற்கு அன்று. சாம்பாவுக்கு டிசிபி 445 என்ற போர்ட் திறந்திருக்க வேண்டும். பழைய நெட்பயாஸ் முறைக்கு மட்டுமே டிசிபி 139உம் யுடிபி 137, 138உம் தேவைப்படும். சர்வரில் எஸ்எஸ் கட்டளையால் 445ஐ யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சர்வர் தன்னோடு மட்டும் பேசும் முகவரியான 127.0.0.1 மட்டும் காட்டினால், 'இன்டர்ஃபேசஸ்' வரியில் பழைய நெட்வொர்க் கார்டின் பெயர் அப்படியே கிடக்க, 'பைண்ட் இன்டர்ஃபேசஸ் ஒன்லி' என்பதும் இயக்கத்தில் இருக்கக்கூடும். மதர்போர்டு மாற்றிய பின் கார்டின் பெயர் மாறிவிடுவதால் இது நேர்கிறது. போர்ட் சரியாகக் கேட்கிறது என்றால் ஃபயர்வாலைப் பாருங்கள். உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூவிலும், ராக்கி லினக்ஸின் ஃபயர்வால்டியிலும் சாம்பாவுக்கென்றே ஆயத்த விதி உண்டு; அதை மட்டும் அனுமதித்தால் போதும். சோதனைக்காக ஃபயர்வாலை முழுவதும் அணைத்தவர்கள் திரும்பப் போடுவதே இல்லை என்பதால் அந்த வழியை இங்கே பரிந்துரைக்கவில்லை.

சர்வரின் முகவரி மாறிப்போயிருப்பதும் நடக்கும். மின்தடைக்குப் பின் ரவுட்டர் எழுந்து எல்லாருக்கும் புது முகவரி கொடுத்திருக்கும். ஊழியர்களின் கணினியில் உள்ள குறுக்குவழியோ பழைய முகவரியையே தட்டும். அந்தப் பழைய முகவரி இப்போது யாரோ ஒருவரின் கைப்பேசிக்குப் போயிருந்தால் பிங்கும் போகும், பகிர்வு மட்டும் திறக்காது. சர்வருக்கு ரவுட்டரில் நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள்.

முகவரி தட்டினால் திறக்கிறது. 'நெட்வொர்க்' பகுதியில் மட்டும் சர்வர் தென்படவில்லை.

இது பழுதே அன்று. விண்டோஸும் சாம்பாவும் பேசிக்கொள்ளும் பகிர்வு நெறிமுறையின் பெயர் எஸ்எம்பி. முன்பு அந்தப் பட்டியலைத் திரட்டியது அதன் முதல் பதிப்பான எஸ்எம்பி 1ஐ ஒட்டிய பழைய ஏற்பாடு. இன்றைய விண்டோஸ் வேறு முறையில் தேடுகிறது. அந்த முறையில் சாம்பா தானாகக் குரல் கொடுப்பதில்லை. டபிள்யூஎஸ்டிடி என்ற சிறு நிரலைச் சர்வரில் நிறுவினால் தென்படும். நிறுவ விருப்பமில்லையென்றால் டிரைவ் எழுத்து கொடுத்து மேப் செய்துவிடுங்கள்.

கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஏற்க மறுக்கிறது.

லினக்ஸ் வைத்திருக்கும் கடவுச்சொல் பட்டியல் வேறு. சாம்பா வைத்திருக்கும் பட்டியல் வேறு. விண்டோஸ் கடவுச்சொல்லை அப்படியே அனுப்புவதில்லை. சர்வர் கொடுக்கும் ஒரு சவாலுக்கு, கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட விடையை மட்டுமே அனுப்புகிறது. அந்த விடையைச் சரிபார்க்க, லினக்ஸ் சேமித்து வைத்திருக்கும் வடிவம் உதவாது என்பதால் சாம்பாவுக்குத் தனிப் பட்டியல் தேவைப்படுகிறது. ஆகவே பயனர் முதலில் லினக்ஸில் இருக்க வேண்டும். பிறகு எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி கட்டளையில் 'ஏ' என்ற விருப்பத்தைச் சேர்த்து அவரைச் சாம்பாவிலும் ஏற்ற வேண்டும். யார் யார் ஏறியிருக்கிறார்கள் என்பதைப் பிடிபிஎடிட் காட்டும். லினக்ஸின் பாஸ்டபிள்யூடி கட்டளையால் கடவுச்சொல்லை மாற்றினால் சாம்பாவில் பழையதே இருக்கும்.

சாம்பா பக்கம் சரி என்று எஸ்எம்பிகிளையன்ட் காட்டிவிட்டால், விண்டோஸைச் சந்தேகிக்கலாம். முன்பு யாரோ தட்டிய பழைய கடவுச்சொல்லை அது 'கிரெடென்ஷியல் மேனேஜர்' பகுதியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, கேட்காமலே அனுப்பிக்கொண்டிருக்கும். அதை அங்கே நீக்குங்கள். பிழை 1219 வந்தால் காரணம் வேறு: ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயனர் பெயர்களில் இணைய விண்டோஸ் விடாது. 'நெட் யூஸ்' கட்டளையால் இருக்கும் இணைப்புகளைத் துண்டித்துவிட்டு மறுபடி இணையுங்கள். சர்வரின் பெயரையும் முகவரியையும் விண்டோஸ் இரண்டு வெவ்வேறு சர்வர்களாகக் கருதும் என்பதால், பெயரில் மறுத்தது முகவரியில் திறந்தால் சிக்கல் இதுதான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

கடவுச்சொல் இல்லாத பொதுப் பகிர்வு பல ஆண்டுகளாக ஓடியது. புதுக் கணினி வாங்கியதும் அதில் மட்டும் திறக்கவில்லை.

புதுக் கணினியில் விண்டோஸ் 11இன் 24எச்2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருக்கும். அதன் புரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளில் எஸ்எம்பி இணைப்பு ஒவ்வொன்றும் கையொப்பமிடப்பட வேண்டும் என்பது இயல்பு விதியாகிவிட்டது. விருந்தினராக நுழையும் இணைப்பில் கடவுச்சொல்லே இல்லை, ஆகவே கையொப்பமிட அடிப்படையும் இல்லை. சர்வரில் எதை மாற்றினாலும் இது தீராது. விண்டோஸில் இந்தப் பாதுகாப்பைத் தளர்த்தும் வழி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு புதுக் கணினிக்கும் அதைச் செய்துகொண்டே போக வேண்டும். அலுவலகத்துக்குப் பொதுவாக ஒரு பயனரை உருவாக்கி, அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் எல்லாக் கணினிகளிலும் ஒரு முறை சேமித்துவிடுவது எளிது. ஆளுக்கொரு பயனர் பெயர் கொடுப்பது இன்னும் நல்லது. ரசீதை அழித்தவர் யார் என்ற கேள்வி என்றாவது வரும்.

ஜெராக்ஸ் இயந்திரத்திலிருந்து ஸ்கேன் செய்தால் சர்வர் கோப்புறைக்கு வந்துகொண்டிருந்தது. சர்வரைப் புதுப்பித்தபின் வரவில்லை.

பாரிமுனைப் பக்கம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பில் ஆஃப் என்ட்ரி, பேக்கிங் லிஸ்ட் என்று நாள் முழுவதும் ஸ்கேன் ஓடும் அலுவலகங்களில், இரண்டாம் கையாக வாங்கிய பழைய காப்பியர் இயந்திரங்களே பெரும்பாலும் இருக்கின்றன. அவற்றுக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 மட்டுமே. 2019இல் வெளிவந்த சாம்பா 4.11 முதல், எஸ்எம்பி 1 இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. அது மட்டுமன்றி, சாம்பா 4.5 முதல் என்டிஎல்எம் என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு முறையின் முதல் பதிப்பும் ஏற்கப்படுவதில்லை. பழைய இயந்திரங்கள் பல அதைத்தான் அனுப்பும். ஆகவே ஒரு பூட்டைத் திறந்தாலும் இன்னொன்று தடுக்கும். 'எஸ்எம்பி 1ஐத் திறந்துவிட்டேன், அப்படியும் வரவில்லை' என்று பலர் திகைப்பதற்குக் காரணம் இதுவே.

'சர்வர் மின் புரோட்டோகால் = என்டி1' என்று எழுதினால் தீரும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த வரி ஸ்கேன் பகிர்வுக்கு மட்டும் பொருந்தாது. சர்வர் முழுவதற்கும் பொருந்தும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை, விண்டோஸின் எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டையின் வழியாகத்தான் நுழைந்தது. அந்த ஓட்டை சாம்பாவில் இருந்ததன்று. ஆனாலும் கையொப்பமும் மறைகுறியாக்கமும் நலிந்த பழைய நெறிமுறையை ஒரு காப்பியருக்காக அலுவலகம் முழுவதற்கும் திறந்துவைக்கக் காரணமில்லை.

முதலில் இயந்திரத்தின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க இயலுமா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் இயந்திரத்தில் எஃப்டிபி வழியாகவோ மின்னஞ்சல் வழியாகவோ அனுப்பும் வசதி இருக்கும். எஃப்டிபியும் பழையதுதான், என்றாலும் அதை ஸ்கேன் கோப்புறை ஒன்றோடு அடைத்துவைக்க முடியும். எதுவும் ஆகாத நிலையில், வேறொரு சிறு கணினியில் சாம்பாவை நிறுவி, அதில் மட்டும் எஸ்எம்பி 1ஐத் திறந்து, 'ஹோஸ்ட்ஸ் அலவ்' வரியில் காப்பியரின் முகவரியை மட்டும் எழுதி, அங்கே வந்து விழும் ஸ்கேன்களைப் பிரதான சர்வர் வேறு வழியில், எஸ்எஸ்எச் மூலம், அவ்வப்போது எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள்.

பகிர்வு திறக்கிறது, எழுத முடியவில்லை. அல்லது ஒருவர் வைத்த கோப்பை மற்றவர் திருத்த முடியவில்லை.

சாம்பாவில் எழுத அனுமதி கொடுத்தாலும் லினக்ஸ் கோப்பு அமைப்பு மறுத்தால் எழுத முடியாது. இரண்டில் எது கண்டிப்பானதோ அதுவே செல்லும். மேலும் கோப்புறையின் அனுமதியை மட்டும் பார்த்தால் போதாது. வேர் அடைவிலிருந்து அந்தக் கோப்புறை வரை வழியில் உள்ள ஒவ்வோர் அடைவிலும் நுழையும் உரிமை அந்தப் பயனருக்கு இருக்க வேண்டும். ஒருவருடைய வீட்டு அடைவுக்குள் பொதுக் கோப்புறையை வைத்துவிட்டு, உள்ளே எல்லா உரிமையும் கொடுத்தும் திறக்கவில்லை என்று தவிப்பவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். நேம்ஐ கட்டளை 'எல்' விருப்பத்தோடு அந்தப் பாதையின் ஒவ்வொரு படியையும் தனித்தனி வரியாக, உரிமையாளரோடும் அனுமதியோடும் காட்டும். எந்தப் படியில் அடைபட்டிருக்கிறது என்பது பார்த்த உடனே தெரியும்.

ஒருவர் வைத்ததை மற்றவர் திருத்த முடியாமைக்குக் காரணம், சாம்பாவின் 'கிரியேட் மாஸ்க்' இயல்பாக 0744 என்று இருப்பது; அதன்படி உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டுமே செய்யலாம். இங்கேதான் எல்லாரும், யாருக்கும் எல்லா உரிமையும் தரும் 777ஐ நோக்கி ஓடுகிறார்கள். 777 கொடுத்தால் அன்றைய புகார் தீரும். நாளை புதிதாக உருவாகும் கோப்பு மறுபடி 0744 என்றே பிறக்கும், புகாரும் மறுபடி வரும். செய்ய வேண்டியது: அலுவலகத்துக்கு ஒரு குழுவை உருவாக்கி, கோப்புறையை அந்தக் குழுவுக்கு உரியதாக்கி, அனுமதியை 2770 என்று வையுங்கள். முன்னால் உள்ள 2, உள்ளே பிறக்கும் எதுவும் அதே குழுவையே சேரும்படி செய்யும். பிறகு பகிர்வின் பகுதியில் 'கிரியேட் மாஸ்க்' 0660 என்றும், 'ஃபோர்ஸ் கிரியேட் மோட்' 0660 என்றும், 'ஃபோர்ஸ் டைரக்டரி மோட்' 2770 என்றும் எழுதுங்கள். 'டைரக்டரி மாஸ்க்' வரிக்கும் 2770 கொடுங்கள். ஏற்கெனவே உள்ள கோப்புகளை ஒரு முறை கையால் சரிசெய்ய வேண்டும்.

ஒருவரைக் குழுவில் சேர்க்கும்போது யூசர்மாட் கட்டளையில் பெரிய 'ஜி'யுடன் சிறிய 'ஏ'வும் இருக்க வேண்டும். விட்டுவிட்டால் அவர் முன்பு இருந்த துணைக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் நீக்கப்பட்டுவிடுவார். சேர்த்த பின்பு அவர் விண்டோஸில் இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைந்தால்தான் புதுக் குழு கணக்கில் வரும். யுஎஸ்பி வட்டு என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் இருந்தால், அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளை பெரும்பாலும் எடுபடாது. உரிமையை, வட்டை லினக்ஸின் ஓர் அடைவில் பொருத்தும்போதே, அதாவது மவுண்ட் செய்யும்போதே, கொடுக்க வேண்டும்.

எழுத்து திடீரென்று, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நின்றுபோனால் அனுமதியைத் தொடாதீர்கள். டிஎஃப் கட்டளையால் வட்டு நிரம்பிவிட்டதா என்றும், டிமெஸ்ஜி கட்டளையால் வட்டில் பிழை கண்டு லினக்ஸின் மையப் பகுதியான கருனல் அதைப் 'படிக்க மட்டும்' நிலைக்கு மாற்றிவிட்டதா என்றும் பாருங்கள். இரண்டாவது உண்மையென்றால், வேறெதற்கும் முன் நகல் எடுங்கள்.

அனுமதிகள் எல்லாம் சரி. ராக்கி லினக்ஸில் மட்டும் மறுக்கிறது.

வழக்கமான அனுமதிகளுக்கு மேல் இயங்கும் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு தடுக்கிறது. சாம்பா பகிரும் கோப்புறைக்குச் 'சாம்பா_ஷேர்_டி' என்ற முத்திரை இருக்க வேண்டும். செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் கட்டளையால் விதியை எழுதி, ரீஸ்டோர்கான் கட்டளையால் அதைச் செயல்படுத்துங்கள். சிஎச்கான் கட்டளையும் முத்திரையிடும். ஆனால் அடுத்த முறை முத்திரைகள் சீரமைக்கப்படும்போது அது போய்விடும். வேறிடத்திலிருந்து எம்வி கட்டளையால் நகர்த்திய கோப்புகள் பழைய முத்திரையோடே வந்து சேரும் என்பதால், ஒரே கோப்புறையில் சில திறந்து சில திறக்காமல் இருந்தால் இதை நினையுங்கள். எஸ்இலினக்ஸை அணைத்துவிட வேண்டியதில்லை.

மின்தடைக்குப் பின் பகிர்வு திறக்கிறது, ஆனால் உள்ளே ஒரு கோப்பும் இல்லை.

பதற வேண்டாம், யாரையும் அதில் எதையும் சேமிக்கவும் விட வேண்டாம். வட்டு மவுண்ட் ஆகாமல், அது பொருந்த வேண்டிய வெற்று அடைவை மட்டும் சாம்பா காட்டிக்கொண்டிருக்கிறது. ஃபைண்ட்மவுண்ட் கட்டளை அதை உறுதி செய்யும். இப்போது சேமிக்கப்படுபவை இயங்குதள வட்டில் போய் விழும்; பிறகு வட்டை மவுண்ட் செய்ததும் அவை அதற்கடியில் மறைந்து, காலையில் போட்ட பில் காணாமற்போன மர்மம் தொடங்கும். துவக்கத்தில் எந்த வட்டை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், வட்டை அதன் யுயுஐடி என்ற மாறாத அடையாளத்தால் குறிப்பிடுங்கள். எஸ்டிபி, எஸ்டிசி போன்ற பெயர்கள் துவக்கத்துக்குத் துவக்கம் இடம் மாறக்கூடும். பகிர்வின் பாதையாக மவுண்ட் அடைவையே கொடுக்காமல், வட்டுக்குள் உருவாக்கிய ஓர் உட்கோப்புறையைக் கொடுங்கள். வட்டு வராத நாளில் அந்தப் பாதையே இருக்காது. பகிர்வு திறக்க மறுக்கும். யாரும் ஏமாந்து எழுத மாட்டார்கள்.

இரண்டு பேர் ஒரே கணக்குத் தரவைத் திறந்தால் தரவு கெடுகிறது. யாரும் திறக்காத கோப்பு 'வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்கிறது.

முதலாவதற்குக் காரணம் ஓப்லாக். ஒரு கோப்பை ஒருவர் மட்டும் திறந்திருக்கும்போது, மாற்றங்களை உடனுக்குடன் அனுப்பாமல் தன்னிடமே வைத்திருக்க அவருடைய கணினிக்குச் சர்வர் தரும் உரிமை அது. இரண்டாமவர் வந்தால், வைத்திருப்பதை ஒப்படைக்கும்படி சர்வர் முதலாமவரைக் கேட்கும். அந்த நொடியில் அவருடைய இணைப்பு அறுந்தால் ஒப்படைப்பு நடக்காது. தரவுக் கோப்பைப் பலர் நேரடியாகத் திறக்கும் பழைய வகை மென்பொருள்களுக்கென்று தனிப் பகிர்வு வைத்து, அதில் மட்டும் 'ஓப்லாக்ஸ் = நோ', 'லெவல்2 ஓப்லாக்ஸ் = நோ' என்று எழுதுங்கள்; வேகம் சற்றுக் குறையும். மென்பொருளுக்கு முறையான சர்வர் பகுதி தனியாகக் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, பாதியில் அணைந்த கணினி விட்டுச்சென்ற பூட்டு. எஸ்எம்பிஸ்டேட்டஸ் கட்டளை எந்தக் கோப்பு எந்தச் செயல்முறையிடம் இருக்கிறது என்று காட்டும். ஒவ்வோர் இணைப்புக்கும் தனி எஸ்எம்பிடி செயல்முறை உண்டு என்பதால், அந்த ஒன்றை மட்டும் நிறுத்தினால் போதும்; மற்றவர்கள் வேலை கெடாது. வேர்டும் எக்செலும் டில்டே, டாலர் குறிகளோடு தொடங்கும் மறைவான கோப்பு ஒன்றையும் விட்டுச்செல்லும். உண்மையில் யாரும் திறந்திருக்கவில்லை என்று தெரிந்தபின் அதை அழித்துவிடுங்கள்.

தமிழில் பெயரிட்ட கோப்புகள் சில மட்டும் சர்வருக்கு நகல் ஆவதில்லை.

பெயரின் நீளத்தைப் பாருங்கள். விண்டோஸ் ஒரு கோப்பின் பெயருக்கு 255 குறியீடுகள் வரை இடம் தருகிறது. லினக்ஸின் இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் ஆகியவை தருவது 255 பைட்டுகள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு என்பதால் அங்கே வேறுபாடு தெரியாது. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு. அதிலும் உயிர்மெய்யும் புள்ளி வைத்த மெய்யும் பெரும்பாலும் இரண்டு குறியீடுகள் சேர்ந்தவை. 'சுங்கத்துறை' என்ற சொல் கண்ணுக்கு 6 எழுத்து, குறியீடுகள் 11, வட்டில் 33 பைட்டு. ஆக மொத்தம் 85 குறியீடுகள், அதாவது ஏறத்தாழ 46 எழுத்துகளிலேயே இடம் தீர்ந்துவிடும். கடிதத்தின் பொருளையே கோப்பின் பெயராக வைப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். சாம்பாவில் இதற்கு அமைப்பு எதுவும் இல்லை. பெயரைச் சுருக்குவதுதான் வழி.

ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே தெரிந்தால், 'கொ' போன்ற எழுத்தின் ஒகரக் குறி ஒன்றில் ஒரே குறியீடாகவும் மற்றதில் ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் பதிவாகியிருக்கலாம். மேக் கணினியிலிருந்து ஆர்சிங்க் மூலம் கொண்டுவந்த கோப்புகளில் இதைக் காணலாம்.

லினக்ஸ் கணினிகளுக்கிடையே என்எஃப்எஸ் அமைத்தேன். 'சர்வர் அனுமதி மறுத்தது' என்கிறது. அல்லது யார் யாரோ எழுதுகிறார்கள்.

எதை யாருக்குப் பகிர்வது என்று என்எஃப்எஸ்ஸுக்குச் சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பின் இந்த இரண்டு வரிகளையும் உற்றுப் பாருங்கள்:

/தரவு 192.168.1.10(ஆர்டபிள்யூ)
/தரவு 192.168.1.10 (ஆர்டபிள்யூ)

முதல் வரி அந்த ஒரு கணினிக்கு எழுதும் உரிமை தருகிறது. இரண்டாவதில் அடைப்புக்குறிக்கு முன் ஓர் இடைவெளி இருக்கிறது. அதனால் அந்தக் கணினிக்குப் படிக்கும் உரிமை மட்டும் கிடைக்க, எழுதும் உரிமை உலகத்துக்கே போய்விடுகிறது. பிழைச் செய்தி பெரிதாக எதுவும் வராது. எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையை 'வி' விருப்பத்தோடு கொடுத்தால், 'வேர்ல்டு' என்ற சொல் பட்டியலில் இருப்பது தெரியும். கோப்பைத் திருத்திய பின் அதே கட்டளையை 'ஆர்ஏ' விருப்பத்தோடு இயக்க வேண்டும். கோப்பைச் சேமிப்பது மட்டும் போதாது.

வரி சரியாக இருந்தும் மறுத்தால், கேட்பது மெய்நிகர் இயந்திரமா என்று பாருங்கள். என்எஃப்எஸ் சர்வர் இயல்பாக 1024க்குக் கீழுள்ள போர்ட்டிலிருந்து வரும் வேண்டுகோளையே ஏற்கும்; முகவரி மாற்றத்துக்குப் பின்னால் உள்ள மெய்நிகர் இயந்திரத்தின் வேண்டுகோள் அதற்கு மேற்பட்ட போர்ட்டிலிருந்து வந்து சேரும். அதற்கு 'இன்செக்யூர்' என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். ஃபயர்வாலில் நான்காம் பதிப்புக்கு 2049 மட்டும் போதும். மூன்றாம் பதிப்புக்கு 111உம், மவுண்ட்டி என்ற துணைச் சேவையின் போர்ட்டும் வேண்டும்.

என்எஃப்எஸ்ஸில் உரிமையாளர் பெயர் 'நோபடி' என்றோ வேறொருவர் என்றோ தெரிகிறது.

வழக்கமான அமைப்பில் என்எஃப்எஸ் பெயரைப் பார்ப்பதில்லை. பயனர் எண்ணைத்தான் நம்புகிறது. ஒரு கணினியில் 1001 கணக்காளர், இன்னொன்றில் 1001 கிடங்குப் பொறுப்பாளர் என்றிருந்தால் ஒருவர் கோப்பு மற்றவர் கைக்குப் போகும். 'எல்எஸ்' கட்டளையை 'என்' விருப்பத்தோடு இரு பக்கமும் இயக்கி எண்களை ஒப்பிடுங்கள். முழு அதிகாரமுள்ள பயனரான ரூட் ஆக எழுதியவை 'நோபடி' ஆவது ரூட்_ஸ்குவாஷ் என்ற பாதுகாப்பின் வேலை. அதை நீக்க வேண்டாம். எல்லாமே 'நோபடி' என்றால், ஐடிமேப்டி.கான்ஃப் கோப்பில் டொமைன் பெயர் இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சர்வர் அணைந்தால் மற்ற லினக்ஸ் கணினிகளும் உறைந்துவிடுகின்றன. திரும்ப வந்தபின் 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்கிறது.

என்எஃப்எஸ்ஸின் இயல்பான 'ஹார்டு' மவுண்ட், சர்வர் திரும்பும் வரை காத்திருக்கும்; டிஎஃப் கூட நின்றுவிடும். 'சாஃப்ட்' என்று மாற்றினால் உறையாது. ஆனால் எழுதிக்கொண்டிருந்த நிரலுக்குப் பிழை போய், கோப்பு பாதியில் நிற்கலாம். எழுதும் இடத்தில் ஹார்டு மவுண்டே இருக்கட்டும். அந்தச் சர்வருக்கு ஒரு யுபிஎஸ் வாங்குங்கள். சர்வர் எழுந்த முதல் 90 நொடிகள், பழைய பூட்டுகளை மீட்டுக்கொள்வதற்கான அவகாசம் என்பதால் நான்காம் பதிப்பில் கோப்புகள் திறக்கத் தாமதமாகும். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி அணைத்தால் கடிகாரம் மறுபடி தொடங்கும். துவக்கத்தில் கிளையன்ட், அதாவது பகிர்வைப் பயன்படுத்தும் கணினி, மாட்டிக்கொள்ளாமலிருக்க, எஃப்எஸ்டேப் வரியில் '_நெட்டெவ்', 'நோஃபெயில்' ஆகியவற்றோடு சிஸ்டம்டியின் ஆட்டோமவுண்ட் விருப்பத்தையும் சேருங்கள். ஸ்டேல் என்று வந்தால், பகிர்ந்த கோப்புறை அழித்து உருவாக்கப்பட்டது அல்லது வட்டு மாறியது; கிளையன்ட்டில் அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்ய வேண்டும்.

எல்லாம் திறக்கிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது.

அமைப்புக் கோப்பில் கை வைக்கும் முன் கேபிளைப் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் 'சாக்கெட் ஆப்ஷன்ஸ்' வரிகளை ஒட்டுவதால் பயனில்லை. இன்றைய கருனல் அந்த அளவுகளைத் தானே சரிசெய்துகொள்ளும், நீங்கள் கொடுக்கும் எண் அதைத் தடுக்கவே செய்யும். ஈத்டூல் கட்டளை, கார்டு எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று சொல்லும். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தால், நொடிக்கு 110 மெகாபைட் போக வேண்டியது 11, 12இல் நின்றுவிடும்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிய தெருக்களில் இதற்கு உப்புக் காற்றே முதல் காரணம். கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், பொன்னிறமாக இருக்க வேண்டிய 8 ஊசிகளில் சிலவற்றின் மேல் பச்சையோ கருப்போ படிந்திருக்கும். 100 வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு ஊசிகள் போதும். 1000க்கு எட்டும் வேண்டும். ஆகவே 4, 5, 7, 8இல் ஒன்று அரித்தாலும் இணைப்பு அறுபடாது. சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். ஊசியைச் சுரண்டிப் பயனில்லை. கனெக்டரை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள். சுவிட்சின் போர்ட்டும் அரித்திருந்தால் புதுக் கனெக்டரும் சில மாதங்களில் கெடும். வேகம் 1000 என்று காட்டியும் மெதுவாக இருந்தால், ஐபெர்ஃப்3 கொண்டு நெட்வொர்க்கை மட்டும் அளந்து பாருங்கள். அது சரியாக இருந்தால் வட்டின் முறை.

காரணம் எதுவும் பிடிபடவில்லை. லாக்கில் எதைத் தேட வேண்டும்?

சாம்பாவின் லாக் அளவை எல்லாருக்கும் உயர்த்த வேண்டியதில்லை. சிக்கல் உள்ள கணினியின் எஸ்எம்பிடி செயல்முறை எண்ணை எஸ்எம்பிஸ்டேட்டஸில் கண்டு, எஸ்எம்பிகன்ட்ரோல் கட்டளையால் அதற்கு மட்டும் அளவை 3 ஆக்குங்கள். பயனரைப் பிழையை மறுபடி வரவழைக்கச் சொல்லி, உடனே லாக்கைப் படியுங்கள். 'லாக்ஆன் ஃபெயிலியர்' என்றால் கடவுச்சொல் பக்கம். 'ஆக்சஸ் டினைடு' என்றால் அனுமதி பக்கம். 'பேட் நெட்வொர்க் நேம்' என்றால் பகிர்வின் பெயர் அல்லது பாதை. எதுவுமே பதியவில்லையென்றால் வேண்டுகோள் சர்வரை எட்டவே இல்லை. வேலை முடிந்ததும் அளவைக் குறைத்துவிடுங்கள்.

வீட்டிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் 445ஐத் திறந்துவிடலாமா?

கூடாது. 2017 மே மாதத்திலேயே சாம்பாவிலும் ஓர் ஓட்டை வெளியானது. 3.5.0 முதலான பதிப்புகளில், எழுத அனுமதியுள்ள ஒரு பகிர்வில் ஒரு லைப்ரரிக் கோப்பை ஏற்றி, அதைச் சர்வரையே இயக்க வைக்க முடிந்தது. திருத்தம் உடனே வந்தது. ஆனால் மேசைக்கடியில் உள்ள சர்வரை யார் உடனே புதுப்பிக்கிறார்கள்? வீட்டிலிருந்து பார்க்க வயர்கார்டு போன்ற விபிஎன் அமைத்து, அதன் வழியாக உள்ளே வந்து பகிர்வைத் திறவுங்கள். பல இணைய இணைப்புகளில் வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரியே தரப்படுவதில்லை. அப்படியானால் விபிஎன்னின் மறுமுனையை வாடகைச் சர்வர் ஒன்றில் வைக்க வேண்டியிருக்கும்.